எட்டுப் புஷ்ஷுக்கு ஒரு கையளிப்பு வைபவம்

சிவபாதசுந்தரம் தன் கையால் ஓர் ஆணி அடித்ததை நான் பார்த்ததில்லை. வெள்ளவத்தையில் ஒரே கட்டடத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறோம். அவர் மூன்றாம் மாடி, நான் கீழ்வீடு. காலையில் அவர் வீட்டுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவளே நான்தான். அப்படியிருந்தும் பார்த்ததில்லை. ஆனால் அவர் திறந்து வைத்தவற்றை எண்ணச் சொன்னால் எனக்குக் கைவிரல் கால்விரல் இரண்டும் போதாது. தண்ணீர்த் தொட்டிக்குப் புது மூடி போட்ட அன்று அதற்கு நாடா கட்டி வெட்டினார். லிஃப்ட் திருத்தி முடித்த அன்று விளக்கேற்றி, முதலில் ஏறினவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த மனிதர் பொன்னாடையோடு இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் நின்றார். சிவபாதசுந்தரம் கீழே நின்று நன்றியுரை சொல்லி முடித்துவிட்டுத்தான் ஆள் அனுப்பினார்.

பிறந்தது கொக்குவிலில். இருபது வயதில் கொழும்புக்கு வந்து ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்தேழு வருடம் வேலை. என்ன வேலை என்று கேட்டால் "ஷிப்பிங்" என்பார், கப்பலைத் தானே பிடித்துத் தள்ளினவர் போல. வந்த கடிதங்களுக்குத் திகதி குத்துகிற வேலை என்று அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி ஒரு நாள் என் குசினியில் இருந்து சொன்னாள். அந்த வேலையில் குறைவு ஒன்றும் இல்லை. ஓய்வு எடுத்த பிறகும் குத்துவதை நிறுத்தவில்லையே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கட்டடச் சங்கத்துக்குக் கௌரவ செயலாளர், ஊர்ச் சங்கத்துக்குக் கௌரவ செயலாளர், பழைய மாணவர்களின் விளையாட்டுக் கழகத்துக்கும் கௌரவ செயலாளர்.

இந்தக் கழகத்துக்குக் களனிப் பக்கம் ஆற்றோரமாக ஒரு மைதானம் இருக்கிறது. குத்தகைக்கு எடுத்தது. வருடத்துக்கு ஒரு முறை இருநூறு பிள்ளைகளைக் கூட்டி விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். நான் வடை சுட்டுக் கொண்டுபோவேன். அங்கே புல் வெட்டுகிறவன் ஜனா. கொட்டாஞ்சேனைப் பிள்ளை, வாய் கொஞ்சம், வேலை அதிகம். மைதானத்து மூலையில் உள்ள காவலாளி அறையில் மனைவி றோஸியோடும் ஐந்து வயது மகளோடும் இருக்கிறான். அதற்கு முன் றோஸியின் தமையன் வீட்டில் ஒரே அறைக்குள் ஒன்பது பேராக இருந்தவர்கள். அந்த இடமும் இப்போது இல்லை. தமையன் அதில் சாமான் போட்டு வைத்திருக்கிறான்.

நாலு வருடத்துக்கு முன் கனடாவில் இருக்கும் கழகத்தின் ரொறன்ரோக் கிளை ஒரு புல்லு வெட்டும் மெஷினை அனுப்பியது. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற சாதி. பழையதுதான், ஆனால் நல்லது. அதைத் திறந்து வைத்த விழாவுக்கு நானூறு வடை சுட்டேன். மெஷின் புல் வெட்டியதை அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை. அவ்வளவு மாலை.

இந்த வருடம் மெஷின் ஒரு பக்கமாகச் சரிந்து வெட்டத் தொடங்கியது. இடது பக்கம் மண் தெரியச் சிரைக்கும், வலது பக்கம் புல்லைத் தடவிவிட்டுப் போகும். மைதானம் சொறி பிடித்த நாய் முதுகு போல ஆகிவிட்டது. மைதானம் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு நான் வடை கொண்டுபோயிருந்த அன்று ஜனா மெஷினுக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். என்னைக் கண்டதும் வெளியே வந்தான்.

"ஆச்சி, கையை நீட்டுங்க" என்றான்.

மோதிரம் அளவில் ஒரு வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தான். நடுத் துளை வட்டமாக இருக்கவேண்டியது. முட்டை போல இழுபட்டிருந்தது.

"இதுதான் புஷ். கத்தி சுத்துற தகரத் தட்டு நாலு கையில தொங்குது ஆச்சி. கைக்கு ரெண்டு துளை, துளைக்கு ஒரு புஷ். அதுக்குள்ளதான் இரும்புக் கம்பி போகுது. புஷ் தேஞ்சிட்டா கம்பி ஆடும், தட்டு ஒரு பக்கம் விழுந்திரும். எட்டையும் மாத்தினா சரி."

எழுத்துத் தெரியாத எனக்கே விளங்கிவிட்டது. சிவபாதசுந்தரத்துக்கு விளங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஓட்டத் தெரியாதவன் மெஷினிலை பிழை பிடிக்கிறான்" என்றார். "நீ வளைவிலை வெட்டித் திருப்புறாய். அதுதான்."

"நாலு வருஷம் ஓடியிருக்கு ஐயா. தேயத்தானே செய்யும்."

"கனடாச் சாமான் தேயாது."

அதோடு அந்த விசாரணை முடிந்தது. மறு கிழமை செயலாளரிடமிருந்து ஜனாவுக்கு ஒரு கடிதம் வந்தது. றோஸி ஓ.எல். வரை படித்தவள், எனக்கு வாசித்துக் காட்டினாள். போட்டி நடக்கும் சனிக்கிழமை காலையில் மைதானம் முழுவதும் ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றோடு வேலை இல்லை, அறையை ஏழு நாளில் விடவேண்டும். வாசித்து முடித்ததும் அவள் கடிதத்தை மடித்துப் பிள்ளையின் உடுப்புகளுக்குக் கீழே வைத்தாள். அழவில்லை.

கொட்டாஞ்சேனையில் டோரின் என்று எனக்குத் தெரிந்தவள் ஒருத்தி லேத் பட்டறை வைத்திருக்கிறாள். புருஷன் இறந்த பிறகு பட்டறையை விற்கச் சொன்ன அத்தனை பேரையும் வாசலோடு அனுப்பிவிட்டுத் தானே மெஷினில் நின்றவள். ஜனாவைக் கூட்டிக்கொண்டு நான்தான் பஸ் ஏறினேன். டோரின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தத் தேய்ந்த புஷ்ஷை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நாலு வருஷமா ஒருக்காவும் மாத்தலயா? யாருங்க உங்க மனேஜர்?"

"மனேஜர் இல்லை பிள்ளை, செயலாளர்" என்றேன்.

"அப்ப சரி." சிரித்தாள். "தம்பி, வெண்கலத்தில கடைஞ்சு தாறேன். இரும்பில போடச் சொல்லி யாராச்சும் வந்தா கேக்காதீங்க. புஷ் கம்பிய விட மிருதுவா இருக்கணும். இது தேஞ்சா கம்பி தப்பும். கம்பி தேஞ்சா தட்டே போயிரும். நாளைக்கு மத்தியானம் வாங்க, அக்காவும் வாங்க, மீன் ஆக்கி வைக்கிறேன்."

மறுநாள் எட்டும் தயார். சட்டைப் பொத்தான் போலப் பளபளவென்று ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் கிடந்தன. மீனும் நன்றாக இருந்தது. ஜனா பேணியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். நேரே மைதானத்துக்குப் போய்ப் போட்டிருக்கலாம். மரியாதை தெரிந்த பிள்ளை, செயலாளரிடம் காட்டிவிட்டுப் போடுவோம் என்று மூன்றாம் மாடிக்கு ஏறினான், நானும் கூடப் போனேன். அந்த மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"கொட்டாஞ்சேனையிலை கடைஞ்சதை ரொறன்ரோ மெஷினுக்குப் போடுறதோ?" என்று சிவபாதசுந்தரம் குதித்தார். "நாளைக்கு அவை கேட்டா நான் எந்த முகத்தை வைச்சுக்கொண்டு கதைக்கிறது?"

"உன்னை எங்கை கடைஞ்சது எண்டு மெஷின் புஷ்ஷைக் கேக்குமோ தம்பி?" என்றேன் நான்.

"இரத்தினம்மாக்கா, இது ஷிப்பிங் விஷயம். உங்களுக்கு விளங்காது."

ரொறன்ரோக் கிளைக்கு எழுதினார். மூன்று பக்கம். அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: ஆசனத்துக்குக் கீழே ஒரு தகடு இருக்கும், அதில் உள்ள இலக்கம் என்ன? எந்த மெஷினுக்கு எந்த அளவுப் புஷ் என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்களாம். ஜனாவைக் கேட்டிருந்தால் தலைகீழாகச் சொல்லியிருப்பான். சிவபாதசுந்தரத்துக்கோ அவமானமாகப் போய்விட்டது. "தாங்களே அனுப்பின மெஷினுக்கு என்னட்டை நம்பர் கேக்கினம்!" என்று ஜெகதீஸ்வரியிடம் பொருமினாராம். இலக்கத்துக்குப் பதிலாகத் திறப்பு விழாப் படத்தை அனுப்பி வைத்தார். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் விறாந்தையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. முன்னால் பொன்னாடையோடு பதினொரு பேர். நடுவில் பதாகை. பதாகைக்குப் பின்னால் ஒரு சக்கரமும், மாலைக் குவியலுக்குள் கொஞ்சம் பச்சைப் பெயின்ட்டும் தெரியும். அதுதான் மெஷின்.

ரொறன்ரோவில் இருப்பவர்களும் இவரோடு படித்தவர்கள்தானே. இரண்டாம் முறை கேட்டால் மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார்கள். பச்சைப் பெயின்ட்டைப் பார்த்து வாங்கினார்கள்.

போட்டிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, ஒரு கலியாணத்துக்கு வந்தவரின் சூட்கேஸில் பெட்டி வந்து சேர்ந்தது. ஜனா அன்றைக்கே வாங்க வந்தான். பெட்டி அதற்குள் கண்ணாடி அலுமாரியில், கேடயங்களுக்கு நடுவில் ஏறிவிட்டது. ஜெகதீஸ்வரி கதவடியில் நின்றாள். நான் இடியப்பத் தட்டு எடுக்க வந்தவள், அப்படியே நின்றுவிட்டேன்.

"குடுங்க ஐயா, இன்னைக்கே போட்டுர்றேன்" என்றான் ஜனா.

"விசரோ உனக்கு? இதுக்குக் கையளிப்பு வைபவம் இருக்கு. போட்டிக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம், எங்களோடை படிச்ச டொக்டர் பிரதம விருந்தினரா வாறார். நாலேகாலுக்கு நல்ல நேரம்."

"புஷ்ஷுக்கும் நல்ல நேரமோ?" என்றாள் ஜெகதீஸ்வரி. "இஞ்சாருங்கோ, அந்தப் பெடியன்ரை வேலையெல்லே போகப்போகுது. சனிக்கிழமை போட்டி. எப்ப வெட்டுறது?"

"பெட்டியை உடைச்சா டொக்டர் எதைக் கையளிக்கிறது? வெறும் மட்டையையோ?"

"திறந்து அளவு சரியோ எண்டாவது பாருங்கோவன்" என்றேன்.

"ஒரிஜினல் அக்கா. அளவு பாக்கத் தேவையில்லை."

வேலை போகும் என்று கடிதம் எழுதினவர் அவர்தான், பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மூளைக்கு அவரிடம் இடம் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு காகிதம், அவ்வளவுதான் அந்தத் தலை கொள்ளும்.

போட்டிக் கிழமை மழை வேறு. புல் கணுக்காலைத் தாண்டியது. புதன்கிழமை நான் ஜனாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்: "டோரின்ரையைப் போட்டு வெட்டு. ஏச்சு விழுந்தா நான் சொன்னனான் எண்டு சொல்லு." பழி என்மேலேயே இருக்கட்டும், இன்றைக்கும் மறுக்கமாட்டேன். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் எட்டையும் போட்டு, இருட்டுவதற்குள் பாதி மைதானத்தை வெட்டிவிட்டான். சீப்பால் இழுத்தது போல இருந்தது என்று றோஸி சொன்னாள். மற்றப் பாதியை வெள்ளிக்கிழமை காலையில் முடிப்பது என்று நினைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கதிரை அடுக்க வந்த சிவபாதசுந்தரம் அதைக் கண்டார். மட்டமான புல்லைக் கண்டு ஒரு மனிதன் இப்படிக் கோபப்பட்டதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"ஆரைக் கேட்டு வெட்டினனீ?"

"மைதானம் நல்லாத்தானே இருக்கு ஐயா."

"அதுதான் பிழை! கனடாப் புஷ் போடாமலே மைதானம் நல்லாயிருந்தா, பின்னேரம் டொக்டர் என்னத்துக்கு வாறார்? கழட்டு! எட்டையும் கழட்டு!"

ஜனா கழற்றினான். தட்டைப் பலகையில் இறக்கிவைத்துவிட்டு, புஷ்களைத் திரும்பவும் பால்மாப் பேணிக்குள் போட்டான்.

நாலேகால் நல்ல நேரம் என்றார்கள். ஐந்து மணிக்குத் தொடங்கினார்கள். ஒரு பாதி மட்டமாகவும் மறு பாதி காடாகவும் கிடந்த மைதானத்தில், வாழைமரம் கட்டிய கொட்டகைக்கு முன்னால் மெஷினை நிறுத்தி மாலை போட்டிருந்தார்கள். விளக்கேற்றல். வரவேற்புரை. ரொறன்ரோத் தலைவர் போனில் முகம் காட்டினார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கிறது, மனிதர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தார். டொக்டர் பெட்டியைச் சிவபாதசுந்தரத்திடம் கொடுத்தார். படம் சரியாக விழவில்லை என்று திரும்ப வாங்கித் திரும்பக் கொடுத்தார். மூன்று தரம். பிறகு சிவபாதசுந்தரம் மைக்கில், "இப்பொழுது எமது கழகத்தின் திரு. ஜனா அவர்கள் புஷ்களைப் பொருத்துவார்" என்றார். நாலு வருடத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைக்கு ஒரு "திரு" கிடைத்தது.

ஜனா பெட்டியைக் கிழித்தான். ஒன்றை எடுத்தான். துளையில் வைத்தான். போகவில்லை. கம்பியில் போட்டுப் பார்த்தான். பெரிய பாத்திரத்துக்குள் கரண்டி ஆடுவது போலக் கடகடவென்று ஆடியது.

சிவபாதசுந்தரம் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். நான் வடைச் சட்டியோடு பக்கத்தில் நின்றேன், ஒரு சொல் தவறாமல் கேட்டேன்.

"தட்டு. தட்டினாப் போகும்."

"போகாது ஐயா. இது வேற மெஷினுக்கு உள்ளது."

"ஒரிஜினல் எல்லே!"

"ஒரிஜினல்தான் ஐயா. வேற மெஷினுக்கு ஒரிஜினல்."

போனில் இருந்த ரொறன்ரோ, "போட்டாச்சோ? போட்டாச்சோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். சிவபாதசுந்தரத்தின் முகத்தில் வியர்வை இறங்கியது. நாளைக்கு எட்டு மணிக்கு இருநூறு பிள்ளைகள் ஓட வேண்டும், பாதி மைதானத்தில் முயல் படுக்கலாம். அது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"மற்றதைப் போடு" என்று முணுமுணுத்தார்.

"எதை ஐயா?"

"அதுதான், அந்தப் பேணிக்குள்ளை கிடக்கிறதை. கெதியாப் போடு. எல்லாரும் பாக்கினம்."

ஜனா கையைத் துணியில் துடைத்தான். அவசரப்படவில்லை. பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"கடிதத்தை வாபஸ் வாங்குங்க ஐயா. பிறகு போடுறேன்."

"இப்பவோ? சபையிலையோ? நாளைக்கு எழுதித் தாறன்."

"நாளைக்கு நான் வேலையில இல்லையே ஐயா. இந்த மைதானத்தைப் பாத்தா, கடிதத்துல சொன்ன மாதிரித்தானே நடக்கப்போகுது."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. சிவபாதசுந்தரம் என்னை ஒரு முறை முறைத்தார். நான் அவருக்கு ஒரு வடை நீட்டினேன். வாங்கவில்லை. நிகழ்ச்சி நிரல் அச்சடித்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நின்றபடியே எழுதினார். ஜனா அதை வாங்கிப் பார்க்காமலே றோஸியிடம் நீட்டினான். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுவதும் வாசித்தாள்.

"அறையைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே ஐயா" என்றாள்.

திரும்ப வாங்கி எழுதினார். அவள் திரும்ப வாசித்தாள். தலையசைத்தாள். அதன் பிறகுதான் ஜனா மெஷினுக்குக் கீழே போனான்.

அவன் உள்ளே கிடந்த நேரத்தில் சிவபாதசுந்தரம் சும்மா இருக்கவில்லை. மைக்கைத் திரும்ப எடுத்து நன்றியுரை சொல்லத் தொடங்கிவிட்டார். கடல் கடந்து வந்த இந்தப் புஷ்கள் இப்போது பொருத்தப்படுகின்றன என்றார். ரொறன்ரோ கை தட்டியது. வெட்கம் என்று ஒன்று இருந்தால் நாக்கு அங்கேயே ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, "அது டோரின் கடைஞ்சது!" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். மைக் அந்த நேரம் கீச்சிட்டது. டொக்டருக்கு மட்டும் கேட்டிருக்கிறது. வடைக்கு வந்தபோது, "டோரின் எண்டது ஆர் அம்மா?" என்று கேட்டார். பட்டறை எந்த றோட்டில் என்பதுவரை சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை விடியப்புறம் நான் முதல் தட்டு வடையோடு போய் இறங்கும்போதே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி மூலை மட்டும் மிச்சம். அறை வாசலில் றோஸி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லைக் கோட்டில் சிவபாதசுந்தரம் வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமாக நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். இடப் பக்கம் பிடி, வலப் பக்கம் விடு, வளைவிலே மெதுவாகத் திருப்பு என்று தொண்டை கிழியக் கத்தினார். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஜனா அவரைத் தாண்டிப் போகும்போது ஒரு கையைக் காதடியில் வைத்துக் காட்டிவிட்டு, அடுத்த வரிசைக்குத் திருப்பினான்.